லெஸ்ஸா, ஃபியூவரா?

எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் ‘லெஸ் ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேலே ‘ஃபியூவர்’ என்று எழுதி அரை மார்க் கழித்துவிட்டார். எண்ணக்கூடியது என்றால் ஃபியூவர், எண்ண முடியாதது என்றால் லெஸ். முப்பது வருஷம் இதை வேதவாக்காக வைத்திருந்தேன். போன வருஷம் தெரிந்த தம்பி ஒருவன் வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தரக் கேட்டபோது, இதே தப்புக்காக அவனைக் கிண்டல்கூடச் செய்தேன். அதற்கப்புறம் அவன் எதையும் என்னிடம் காட்டுவதில்லை.

இந்த விதி எங்கிருந்துதான் வந்தது என்று சமீபத்தில் தேடிப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி குறித்து ஒரு புத்தகம் போட்டார். ‘நூற்றுக்குக் குறையாமல்’ என்று சொல்லுமிடத்தில் லெஸ்ஸைவிட ஃபியூவர்தான் நேர்த்தியாகவும் சரியாகவும் தனக்குத் தோன்றுகிறது என்று அதில் எழுதினார். தோன்றுகிறது, அவ்வளவுதான். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன், கிரேக்கம் தெரியாது, லத்தீனும் சுமார்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். (அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.) பின்னால் வந்தவர்கள் அந்தத் ‘தோன்றுகிறது’ என்பதை உதிர்த்துவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால்? ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்ஃபிரட் மன்னர் பெயரில் வழங்கும் போயத்தியஸ் மொழிபெயர்ப்பிலேயே ‘சொற்கள்’ என்பதோடு லெஸ் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘சொற்களில் குறைவு’ என்பது மாதிரியான அமைப்பு. பெயர்ச்சொல்லில் வேற்றுமை உருபு ஒட்டியிருக்கும். காலப்போக்கில் அந்த உருபு தேய்ந்து போச்சு. லெஸ்ஸும் பன்மைப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிட்டன. ஆக, என் நோட்டில் வட்டம் வாங்கியது பேக்கருக்கு எண்ணூறு வருஷத்துக்கும் மூத்த வழக்கு.

நம்ம பேச்சிலும் ‘கொஞ்சம் தண்ணி குடு’ என்கிறோம், ‘கொஞ்சம் பேர்தான் வந்தாங்க’ என்றும் சொல்கிறோம். எழுதும்போதுதான் ‘சிறிது’, ‘சில’ என்று பிரிக்கிறோம்.

இங்கிலாந்தில் இந்தச் சண்டை கடை வாசல்வரை போயிருக்கிறது. ‘பத்துப் பொருள் அல்லது லெஸ்’ என்றிருந்த பில் கவுன்டர் பலகையை 2008-ல் டெஸ்கோ மாற்றியது. ஃபியூவரும் போடவில்லை, ‘பத்துப் பொருள் வரை’ என்று போட்டுவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

பரீட்சையிலும் விண்ணப்பத்திலும் ஃபியூவர்தான் எழுதணும், திருத்துகிறவர் என்னை மாதிரி ஆளாக இருக்கலாம். இதை முதலில் அந்தத் தம்பிக்கு அனுப்பப் போகிறேன்.