குப்பத்திற்கு வழி கேட்டோம்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் மாலையில், சென்னையின் நாற்றிசையிலிருந்தும் காவியுடை உடுத்து, காலணி நீக்கி, செபமாலையும் பாடலுமாக மக்கள் பெசன்ட் நகரை நோக்கி நடக்கின்றனர். 1972இல் தொடங்கிய அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் அன்று கொடியேற்றம். செப்டம்பர் 8இல் அன்னையின் பிறப்பு விழா முடியும்வரை அக்கடற்கரை விழாக்கோலம் பூண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் நாமும் பல ஆண்டுகள் நடந்திருக்கிறோம். கொடி ஏறியதும் சிறிது நேரம் மணலில் அமர்வதும், சுண்டல் வாங்கி உண்பதும், பேருந்து பிடித்து வீடு திரும்புவதும் நம் வழக்கம்.

திருத்தலத்திலிருந்து கடலை வலப்புறம் வைத்து வடக்கே நடந்தால் ஷ்மிட் நினைவுச்சின்னம் வரும். 1930இல் இக்கடலில் தத்தளித்தவர்களைக் காக்க முயன்று தம் உயிரை இழந்த டென்மார்க்கு நாட்டவர் ஒருவருக்கு எழுப்பியது அது. அங்கே பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். நாமும் அங்கேயே நின்றுவிடுவோம். அதற்கும் அப்பால், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் என்று இரண்டு மீனவ ஊர்கள் உள்ளன. இத்தனை ஆண்டுகள் நடந்தும் நம் கால்கள் அத்திசையில் சென்றதில்லை. 2015இல், ஒரு இசை விழாவுக்காகவே, அங்கே எப்படிப் போவது என்று முதன்முறையாக வழி கேட்டோம். அவ்விழாவின் கதையையும், அது நிகழ்ந்த மண்ணின் கதையையும் இங்கே சொல்ல விழைகிறோம்.

ஊரூர் என்பது பழைய ஊர்ப்பெயர். பெசன்ட் நகர் என்பதோ நேற்று வந்த பெயர். 1970களில் வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகள் எழுந்தபோது, பிரம்மஞான சபைத் தலைவியாயிருந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் இப்பகுதிக்கு நிலைத்தது. அச்சபை 1882இன் இறுதியில் அடையாற்றின் தென்கரையில் தன் தலைமையகத்தை அமைத்துக்கொண்டது. அதன் முதல் தலைவர் கர்னல் ஆல்காட். அவர் அமெரிக்கர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1894இல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளி, ஆல்காட் நினைவுப் பள்ளியாகப் பெசன்ட் நகரில் வளர்ந்து நின்றது. அவருடைய பெயரைக் குப்பமும் ஏற்றுக்கொண்டது.

இனி நாம் சொல்லப்போவதைக் கலை வரலாறு படித்தோர் அறிவர். ஆயினும் குப்பத்தின் பக்கம் நின்று அதைப் பார்த்தவர் குறைவு. 1935 டிசம்பரில் இதே அடையாறு வளாகத்தில், பிரம்மஞான சபையின் வைர விழாவின்போது, ருக்மிணி தேவி முதன்முதலாக மேடையேறி ஆடினார். அதுவரை சதிர் எனப்பட்ட அவ்வாடல், கோவில்களையும் செல்வர் இல்லங்களையும் சார்ந்து வாழ்ந்த தேவதாசிப் பெண்களுக்கும் நட்டுவனார் குடும்பங்களுக்கும் உரியதாயிருந்தது. ருக்மிணி தேவிக்கு அதைக் கற்பித்தவரே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற நட்டுவனார்தாம். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. அங்கு அபிநயம் கற்பித்தவர்களுள் ஒருவர் மயிலைக் கபாலீசுவரர் கோவிலைச் சார்ந்த கௌரி அம்மாள். 1947இல் சென்னை மாகாணம் கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அதற்குள் ஆடல் பரதநாட்டியம் என்ற பெயருடன் கற்றறிந்த மேல்சாதி இல்லங்களின் பெண்மக்களிடம் சென்று சேர்ந்துவிட்டது. இசையிலும் ஏறத்தாழ இதே காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1927இல் சென்னையில் காங்கிரசு மாநாட்டை ஒட்டிக் கூடிய இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. சபாக்கள் பெருகின. டிசம்பர் மாதம் இசைக்குரிய மாதமாயிற்று.

இம்மாற்றத்தால் அழிய இருந்த கலைகள் காக்கப்பட்டன என்பார் உளர்; உடையவரிடமிருந்து கலை பறிபோயிற்று என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் உறுதி. இவ்வளவும் நிகழ்ந்த வளாகத்தின் மதிலுக்குக் கிழக்கே, கூப்பிடு தொலைவில், கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்த மக்களுக்கு அதில் எவ்வகைப் பங்கும் இருக்கவில்லை. அரங்கிலிருந்தவர்க்கு அம்மக்கள் உண்ணும் மீனைத் தவிர வேறெதையும் அறியும் தேவை எழவில்லை. அவ்வரங்கில் பலர் அதையும் உண்ணாதவர். வீசுவது வாடையா, கொண்டலா, கச்சானா என்று காற்றைத் தோலால் அறிந்து, அன்றைக்கு எந்த வலை, எந்த மீன் என்று முடிவு செய்யும் கல்வி அக்குப்பத்தில் இருந்தது. அதைக் கல்வி என்று அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த முதல் விழாவுக்குக் குப்பத்து மக்களுடன் சேர்ந்து முன்நின்றவர்கள் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும். கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், கூத்து, வில்லுப்பாட்டு என்று சபாக்களில் ஒன்றாகக் காணக்கிடைக்காத கலைகளை ஒரே மேடையில் அமைத்தனர். அனுமதிச்சீட்டு கிடையாது. எல்லையம்மன் கோவிலருகே மேடை, மணலும் நாற்காலியும் இருக்கை, பின்னணிக்குக் கடலோசை.

வழி கேட்டோம் என்றோமல்லவா? பெசன்ட் நகர் அடுக்ககம் ஒன்றின் வாயிற்காவலரிடம்தான் கேட்டோம். "குப்பத்துக்கா?" என்று அவர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கை காட்டினார். சென்றபோது பட்டுப் புடவையணிந்த அம்மையார் சிலர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படகுகளுக்கும் வலைக் குவியல்களுக்கும் இடையே மெல்ல அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தனர். நாமும் அவ்வாறே மெல்லத்தான் நடந்தோம். முன்வரிசையில் குப்பத்துச் சிறுவர்கள் அமர்ந்திருந்தனர். ஆலாபனை நீண்டபோது அவர்களில் பாதிப்பேர் எழுந்து ஓடிவிட்டனர். பறை முழங்கியதும் அத்தனை பேரும் திரும்பி வந்தனர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பறையொலி கேட்டு முகம் சுளித்த முதியவர் ஒருவரையும் அன்று பார்த்தோம். அவர் மட்டும் இறுதிவரை இருக்கையை விட்டு எழவில்லை.

ஏழைகளுக்கு உயர்ந்த இசையை ஊட்டப் புறப்பட்ட விழா இது என்று எண்ணியவர் பலர். சில நாளேடுகளைப் படித்தபோது நமக்கும் அவ்வெண்ணமே முதலில் எழுந்தது. விழாவினர் அதை ஏற்கவில்லை. குப்பத்து மக்களுக்கு இசை கற்பிப்பதைவிட, நகரத்தார் குப்பத்திற்குள் காலடி வைத்து, அதைத் தம் நகரின் பகுதியென்று காண்பதே அவர்கள் கருதிய பயன். அறச்செயலாகத் தொடங்கியிருந்தால் இவ்விழா அடுத்த ஆண்டே மறைந்திருக்கும் என்பது நம் கருத்து. 2015இல் டிசம்பர்ப் பருவக் கச்சேரிகளில் இனிப் பாடுவதில்லை என்று கிருஷ்ணா அறிவித்தார். 2016இல் அவருக்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையை ஒழிக்கப் பாடுபடும் பெஜவாடா வில்சனும் அதே ஆண்டில் அவ்விருதைப் பெற்றார். 2024இல் மியூசிக் அகாடமி கிருஷ்ணாவைச் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தபோது இசையுலகம் இரண்டுபட்டது. அவர் சொல்வதையெல்லாம் நாம் ஏற்பதில்லை. ஆயினும் அவர் எழுதிய நூலொன்று நம் வீட்டுக் கதையாயிருப்பதால் அதை இங்கே சொல்லாமல் செல்ல இயலவில்லை.

2020இல் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற அந்நூல் மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாறு. தலைப்பிலுள்ள செபாஸ்டியன் தஞ்சைப் பகுதியின் தலித் கிறித்தவர். அவர் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோலைப் பதம் பார்த்து, மூட்டி, வார் பிடித்து, நாதம் வரச் செய்தவர்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் கருவிகளைச் செய்த பர்லாந்து அக்குடும்பத்தவரே. பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் இன்றி அந்நாதம் இல்லை. மேடையில் வாசிப்பவரின் பெயர் இசைத்தட்டில் அச்சாகும். செய்தவரின் பெயர் எங்கும் வராது. இந்நூலின் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இசைந்த கலாக்ஷேத்ரா பின்னர் அவ்விசைவை விலக்கிக்கொண்டது. விழா ஊடகக் கல்லூரி ஒன்றில் நடந்தது. இந்நூலைப் படித்தபோது நாம் வெட்கியது கலாக்ஷேத்ராவை நினைத்தன்று. தஞ்சைப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தும், பாடற்குழுவின் மிருதங்கத்தைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கியிருந்தும், அதைச் செய்பவர்கள் நம் திருச்சபையின் மக்கள் என்பதை ஒரு பாடகரின் நூல் வழியாகவே அறிந்தோம். பறை நம் ஆலயங்களின் பீடத்தருகே வரவும், நம் தேர் எல்லாத் தெருக்களிலும் திரும்பவும் எத்தனை ஆண்டுகள் ஆயின, எத்தனை ஊர்களில் இன்னும் ஆகவில்லை என்பதை வாசகர் தத்தம் ஊரை எண்ணிப் பார்த்தே அறியலாம்.

முதல் விழாவுக்கும் இரண்டாம் விழாவுக்கும் இடையே, யாரும் திட்டமிடாத மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை கொட்டியது; செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு கரை மீறியது. கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, மணப்பாக்கம் என ஆற்றோர வீடுகள் மூழ்கின. அப்பொழுது சென்னைக் கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தம் படகுகளை வண்டிகளில் ஏற்றி நகருக்குள் கொண்டுவந்தனர். மாடிகளில் தவித்த முதியோரையும் குழந்தைகளையும் இறக்கி ஏற்றினர். கடலில் செல்லும் ஃபைபர் படகுகள் தெருப்பெயர்ப் பலகைகளுக்கு இடையே சென்றன. 2004 டிசம்பர் 26இல், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலையில், ஆழிப்பேரலை இக்குப்பங்களைத் தாக்கியபோது நகரம் உணவுப் பொட்டலத்துடன் வந்தது. பதினோராண்டு கழித்துக் குப்பங்கள் படகுடன் நகருக்குச் சென்றன. இதற்கு மேடையில்லை, அழைப்பிதழில்லை. நகரத்தார் சிலர் அன்று தம்மைத் தூக்கி இறக்கியவரின் பெயரைக்கூடக் கேட்க மறந்ததாகப் பின்னர் வருந்திச் சொல்லக் கேட்டோம்.

2016இலும் விழா நடந்தது, 2017இலும் நடந்தது. 2017 சனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றிக் கபேர் வாசுகி எழுதிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' கிருஷ்ணாவின் குரலில் வெளிவந்தது. பொதுநிலம் என்ற பொருளுடைய புறம்போக்கு என்னும் சொல் எப்படி வசைச்சொல்லாயிற்று என்று அது கேட்டது. பேச்சுத் தமிழில் அமைந்த வரிகளைக் கர்நாடக இராகங்களில் கேட்டுப் பழகாத செவிகள் முதலில் திடுக்கிட்டன.

ஒரு விழாவினால் குப்பத்திற்கு என்ன கிட்டியது என்று கேட்போருக்கு நேரான விடை சொல்வது கடினம். முகத்துவாரத்தில் வந்து சேரும் நகரத்தின் சாக்கடை நீரை ஒரு கச்சேரி தடுக்காது. படகு நிறுத்தவும் மீன் உலர்த்தவும் வேண்டிய மணல்வெளியின் மீது சாலை போடும் திட்டங்களை ஒரு பறையாட்டம் நிறுத்தாது. அடையாற்றின் முகத்தில் 1960களில் கட்டப்பட்டு, பின்னர் வெள்ளத்தில் அறுந்துபோன உடைந்த பாலம் அப்படியே நிற்க, இளைஞர்கள் அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். எனினும், தம் ஊரைப் பற்றிப் பேசக் குப்பத்தார் எழுந்தபோது காது கொடுக்கச் சிலராவது நகரத்தில் உண்டாயினர் என்பதை நாம் நேரில் கண்டோம். நம் பங்கு இளைஞர் சிலர் விழாவுக்குப் பின்னும் அங்கே போய்வந்தனர். அவர்களுள் ஒருவர் மீனவப் பெரியவர் ஒருவரிடம் காற்றுகளின் பெயர்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து நமக்குப் படித்துக் காட்டினார்.

2018இல் விழாவுக்குச் 'சென்னைக் கலைத் தெரு விழா' என்று பெயர் மாறியது. குப்பத்திற்கு வெளியே வேறு இடங்களுக்கும் அது விரிய வேண்டும் என்பது காரணம். காரணம் நியாயமானது, மறுப்பதற்கில்லை. ஆயினும் நமக்கு ஒரு வருத்தம் உண்டு. கடற்கரைச் சிற்றூர்களைச் சங்க நூல்கள் பாக்கம் என்றும் பட்டினம் என்றும் பாடின. குப்பம் என்பதும் அவற்றைப்போல் ஊரைக் குறித்த சொல்லே. சென்னைத் தெருக்களில் அது பிறரைத் தாழ்த்தும் சொல்லாய்த் தேய்ந்துவிட்டது. நம் பள்ளிகளிலும் அப்படியே ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். முதல் மூன்றாண்டு அழைப்பிதழ்களில் அச்சொல் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் அந்த வாயிற்காவலரிடம் அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லி வழி கேட்டோம். அவரும் அந்தக் குப்பத்தவரே என்பதைத் திரும்பும் வழியில், இரவு பத்து மணிக்குமேல், அவரே சொல்லி அறிந்தோம். காவல் வேலை முடியாததால் அவர் மட்டும் விழாவுக்கு வரவில்லை.