சலேத் மாதா மலைக்கு ஏறிய தோள்கள்

சென்ற சனிக்கிழமை நம் அன்பியங்களிலிருந்து ஒரு பேருந்து நிறைய கொடைக்கானல் சலேத் மாதா கோவிலுக்குப் போய் வந்தோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் பாதிப் பேருக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழம் கைமாறிக்கொண்டே இருந்தது.

1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், மாடு மேய்த்த மெலனி, மாக்சிமின் என்ற பிள்ளைகளுக்கு அழுத கண்ணோடு காட்சி தந்த அன்னை இவர். இருபதே ஆண்டுகளில், 1866இல், சேசு சபையின் லூயி சேன் சீர் அடிகளார் நம் மலையில் இந்தக் கோவிலை எழுப்பினார்.

அன்று மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. அது 1910களில்தான் வந்தது. அதுவரை பெரியகுளம் பக்கத்துப் பாதைதான். துரைகளும் துரைசானிகளும் டோலியில் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினார்கள். ஏறக்குறைய 7,000 அடி உயரம்!

கோவில் முற்றத்தில் இதைச் சொன்னபோது, பெரியகுளத்தில் பிறந்த பாட்டி ஒருவர் குறுக்கிட்டார்: "எங்க தாத்தாவும் டோலி தூக்கினவருதான் சாமி. தோள்பட்டை காய்ச்சுப் போயிருக்குமாம்."

"அவர் பேரென்ன பாட்டி?"

"தாத்தான்னுதான் சாமி தெரியும்."

சிலுவை சுமந்த சீமோனின் பெயரை மட்டுமல்ல, அவருடைய இரு மகன்களின் பெயர்களையும் மாற்கு எழுதி வைத்தார். டோலி சுமந்தவர்களுக்கு ஒரு மாற்கு வாய்க்கவில்லை.

இந்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி அவருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. கருத்துப் பதிவேட்டில் பெயருக்கான இடத்தில், "டோலி தூக்கிய தாத்தா" என்று எழுதியிருக்கிறோம்.