அச்சம் சொல்லாத உடல்: கொழும்புத் தமிழ் ஆண்களும் பீதித் தாக்கின் மெய்ப்பாடுகளும்

முன்னுரை

நெஞ்சு இறுகுகிறது என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவரும் ஆணின் ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சீராக இருந்தால், அவனுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் 'ஒன்றுமில்லை, காஸாக இருக்கும்' என்பதே. அவனும் மறுபேச்சின்றி வீடு திரும்புகிறான். சில வாரங்களில் அதே இறுக்கத்தோடு வேறொரு மருத்துவரிடம் போகிறான். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் ஆண்களிடம் பீதித் தாக்கு பல வேளைகளில் உடல் உபாதையாகவே வெளிப்படுகிறது என்றும், 'பயமா?' என்று கேட்டுத் தொடங்கும் விசாரணை அதைத் தவறவிடும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

உடலில் நிகழ்வது

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு பீதித் தாக்குக்கு 13 அறிகுறிகளைத் தருகிறது. அவற்றுள் நான்கேனும் திடீரென எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தை அடைய வேண்டும். சாவுப் பயம், தன்னிலை இழந்துவிடுவோம் என்ற பயம் ஆகிய இரண்டு மட்டுமே அச்சத்தை நேராகக் குறிப்பவை. படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுமுட்டல், குமட்டல், தலைச்சுற்று, விறைப்பு எனப் பெரும்பாலானவை உடலின்பாற்பட்டவை. பயம் என்ற சொல்லை எடுக்காமலே ஒருவர் இந்த வரையறைக்குள் வந்துவிடலாம்.

படபடப்பை யாரும் அடையாளம் காண்பர். குழப்புபவை வேறு: உதட்டைச் சுற்றி ஊசி குத்தும் உணர்வு, ஒரு கை மட்டும் மரத்துப்போதல், ஓயாத பெருமூச்சு, திடீரென மலசலகூடத்துக்கு ஓட வேண்டிய அவதி, காலடியில் தரை அசைவது போன்ற தள்ளாட்டம், சுற்றியிருப்பவை மெய்யல்ல என்ற தோற்றம். இவற்றுள் கலவரத்தைக் கூட்டுவது விரல் இழுப்பு. நான்கு விரல்களும் நீண்டு ஒட்டிக்கொள்ள, பெருவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கும். எவ்வளவு முயன்றாலும் விரியாது. பாரிசவாதம் வந்துவிட்டதென்று வீட்டார் அலறுவர். காரணமோ மூச்சில் இருக்கிறது. வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. அயனாக உள்ள கல்சியத்தின் அளவு தாழ்கிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டுத் தசைகளை இழுக்கின்றன. மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. மூச்சு நிதானப்பட்டதும் விரல்கள் தாமாக விரிகின்றன. இதில் பாசாங்கு எள்ளளவும் இல்லை.

உறக்கத்திலும் பீதித் தாக்கு வரும். ஆழுறக்கத்தை நோக்கி இறங்கும் கட்டத்தில், கனவின் தொடர்பின்றி எழுவதால், 'கனவு கண்டீங்களா?' என்று மனைவி கேட்டால் 'இல்லை, நெஞ்சு இடிக்குது' என்பதுதான் அவன் உண்மையாகச் சொல்லக்கூடிய விடை.

மருத்துவச் சான்றுகள்

1871இல் ஜேக்கப் மென்டஸ் டா கொஸ்டா, அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் கண்ட படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிளைப்பு ஆகியவற்றை இதயக் கோளாறாகவே விவரித்தார். அவர் கண்ட நோயாளிகளும் போரில் நின்ற ஆண்களே. அவர்களது துன்பமும் இதயத்தின் பெயராலேயே பதிவானது. 1987இல் பெர்னார்ட் பைட்மனும் சகாக்களும் இதயநோய்ப் பிரிவுக்கு வந்தோரிடம் அச்சவுணர்வே இல்லாத பீதித் தாக்கை இனங்கண்டு எழுதினர். மொன்றியல் இதய நிறுவகத்தில் ரிச்சர்ட் ஃபிளீட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு மேலும் தெளிவானது: நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரில் ஏறத்தாழ 25 சதவீதத்தினருக்குப் பீதிக் கோளாறு இருந்தது, அவர்களுள் 98 சதவீதத்தினரை அங்கிருந்த இதயநோய் மருத்துவர்கள் இனங்காணவில்லை. வளமிக்க ஒரு நிறுவனத்திலேயே நிலைமை இதுவெனில், நெரிசல் மிக்க நம் வெளிநோயாளர் பிரிவுகளைத் தனியே குறைகூற முடியாது.

ஊரும் அச்சமும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் வகைகளை எட்டாக வகுத்து, அச்சத்தை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. அச்சத்தின் நிலைக்களன்களாக அது கூறும் நான்கில் அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம் இறைவனாகிய அரசனும் உண்டு. கொழும்புத் தமிழ் ஆணின் அனுபவம் இந்த நான்காவதை நன்கறியும். 1983 யூலை இனக்கலவரத்துக்குப் பின் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, இரவுச் சுற்றிவளைப்பு என அவன் வாழ்க்கை நகர்ந்தது. 2007 யூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பு கொட்டாஞ்சேனையை மீண்டும் உலுக்கியது. சாவடியில் பதற்றம் காட்டிய முகம் சந்தேகத்துக்குரிய முகமாயிற்று. அச்சத்தை முகத்தில் காட்டாதிருப்பது அங்கே உயிர்காக்கும் பயிற்சி. அப்படிப் பழகியவனிடம் 'பயமா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற விடை வருவது இயல்பே. போரால் பாதிக்கப்பட்ட தமிழர் துயரை உடல் முறைப்பாடுகளாகச் சொல்வதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாண அனுபவத்திலிருந்து விரிவாக எழுதியுள்ளார். கொழும்பையும் அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இரு மறுப்புகள்

எல்லாத் தாக்குக்கும் வரலாறே காரணமா என்று கேட்கலாம். அல்ல. மரபுக்கூறு, கடன் சுமை, தூக்கமின்மை, மிகையான கோப்பி, மதுவை நிறுத்துதல் ஆகியவையும் தூண்டும். நான் சொல்வது தாக்கு ஏன் எழுகிறது என்பதையன்று. அது ஏன் பயம் என்ற பெயரில் மருத்துவரிடம் வந்து சேர்வதில்லை என்பதையே.

இரண்டாவது மறுப்பு கனமானது: பீதி என்று ஒதுக்கிவிட்டால் மெய்யான மாரடைப்பு தப்பிவிடாதா? தெற்காசியரை இதயநோய் இளவயதிலேயே தாக்குகிறது என்பதால் இந்த எச்சரிக்கை முழுக்க நியாயமானது. இதயத் துடிப்புக் கோளாறு, தைரொயிட் மிகைச்சுரப்பு, இரத்தச் சீனி வீழ்ச்சி ஆகியவையும் பீதித் தாக்கைப் போலவே தோன்றும். ஆகவே பரிசோதனைகள் முதலில் வரவேண்டும். ஆனால் அவை முடிந்தபின் விசாரணையும் முடிந்துவிடக் கூடாது.

முடிவுரை

ஈசிஜி சீரென்று கண்ட மருத்துவர் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: எத்தனை நிமிடத்தில் உச்சத்துக்கு வந்தது? உதடோ விரலோ விறைத்ததா? முன்பும் வந்ததா? வந்தபின் எங்கே போவதை நிறுத்தினீர்கள்? காலி வீதிப் பஸ்ஸையோ கோயில் திருவிழாவையோ அவர் தவிர்க்கத் தொடங்கியிருந்தால், நோய் வேர்விடத் தொடங்கிவிட்டது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் உரிய மருந்துகளும் இதற்கு நல்ல பலன் தருபவை.

வாசிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சுவலி வந்தால் தாமதியாமல் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். இதயத்தில் குறையில்லை என்று உறுதியான பின்னும் அது திரும்பி வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தோடு பேசுங்கள். 'ஒன்றுமில்லை' என்ற பதிலோடு திரும்பி விடாதீர்கள். உங்கள் நோய்க்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு.