சின்ன மேளம்

"சின்ன மேளம்னா சின்னத் தவிலா, மேடம்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கேள்வி என்னவோ நியாயமானதுதான்.

மேளம் முதலில் கருவியின் பெயரன்று. கூடுதல், சேர்தல் என்னும் பொருள்கொண்ட வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. வாசிப்பவரும் பாடுபவரும் ஆடுபவரும் சேர்ந்த குழுவே மேளம். கர்நாடகத்தில் யட்சகானக் குழுவை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். தமிழில் குழுவின் பெயர் அதில் உரக்க ஒலித்த தவிலுக்கு ஆகிவந்தது.

தஞ்சைப் பகுதிக் கோயில்களில் இரண்டு மேளங்கள் இருந்தன. நாகசுரம், தவில், ஒத்து, தாளம் சேர்ந்தது பெரிய மேளம். சதிராடும் பெண், நட்டுவனார், மிருதங்கம், முகவீணை, துருத்தி சேர்ந்தது சின்ன மேளம். மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆடுபவளின் பின்னாலேயே நகர்ந்தபடி வாசிப்பார்கள். முகவீணை நாகசுரத்தைவிடச் சிறியது, ஓசையும் மெலிது. 'சின்ன' என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனாலும் பெண் நடுநாயகமாக நின்ற குழுவுக்கே அந்த அடைமொழி வாய்த்தது என்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண்களே பெண் வேடமும் கட்டி ஆடுகிறார்கள். வேர் அதே வேர். அங்கே அது பக்தி. பெண்கள் ஆடிய மேளமோ வசையானது.

1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்திலும் 'மேளம்' இருக்கிறது. மேளத்தில் பங்கேற்கும் பெண் திருமணத்துக்குத் தகுதியற்றவள் என்ற வழக்கத்தை அது செல்லாததாக்கியது. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. இதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் ஆகியோரின் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கோயிலுக்குள்ளும் சாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையும் அதே சட்டம் குற்றமாக்கியது. ஆண்கள் கோயிலில் தொடர்ந்து வாசித்தார்கள். அதற்குள் சதிர் பரதநாட்டியமாகி, வேறு வீட்டுப் பெண்களோடு சபா மேடை ஏறியிருந்தது. பக்கவாத்தியக்காரர்கள் மேடையோரத்தில் உட்கார்ந்தார்கள். முகவீணை காணாமல்போனது.

இன்று திருவிழா நெருங்கினால் "மேளம் சொல்லியாச்சா?" என்று கேட்கிறோம். 'பெரிய' என்று சேர்த்துச் சொல்வதில்லை. பிரித்துச் சொல்ல அங்கே இன்னொரு மேளம் இல்லை.