ஓக்லாந்து திட்டம்: நலிந்த ஊர்களுக்கான அமெரிக்க மானியத்தின் ஒரு கதை

பொருளாதார மேம்பாட்டு நிர்வாகம் என்பது வேலையின்மையும் வறுமையும் மிகுந்த ஊர்களுக்கு மானியமும் கடனும் வழங்க அமெரிக்க நடுவண் அரசு 1965இல் தொடங்கிய அமைப்பு. வணிகத் துறையின் கீழ் இன்றும் இயங்கி வருகிறது. அதன் தொடக்க காலப் பணிகளில் அதிகம் பேசப்பட்டது, கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகருக்கு 1966இல் அறிவிக்கப்பட்ட திட்டம். அதில் பெரிய ஊழல் எதுவும் நடக்கவில்லை. வெளிப்படையாக எதிர்த்தவர்களும் அநேகமாக இல்லை. பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மூன்று ஆண்டுகளில் அந்தப் பணத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் செலவானது. அதனால்தான் பொது நிர்வாகம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இந்தக் கதை பாடமாக வைக்கப்படுகிறது.

நிலக்கரி ஊர்களில் இருந்து

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா செழித்தது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அந்தச் செழிப்பு எட்டாத இடங்கள் பல இருந்தன. சுரங்கங்களில் இயந்திரம் வந்ததும், வீடுகளும் ரயில்களும் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதும், மேற்கு வர்ஜீனியா, கிழக்கு கென்டக்கி, பென்சில்வேனியா, தெற்கு இல்லினாய் பகுதிகளின் சுரங்க ஊர்கள் வேலையிழந்து நின்றன. இல்லினாய் மாநிலத்தின் செனட்டரும் பொருளாதாரப் பேராசிரியருமான பால் டக்ளஸ், இத்தகைய இடங்களுக்கென்று தனி உதவிச் சட்டம் வேண்டும் என 1955 முதல் போராடினார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் ஐசனோவர் 1958இலும் 1960இலும் மறுத்துவிட்டார்.

1960இல் ஜான் கென்னடி வேட்பாளர் தேர்வுக்காக மேற்கு வர்ஜீனியாவில் சுற்றியபோது கண்ட வறுமை, தேர்தல் பேச்சாக மாறியது. 1961 மே 1 அன்று அவர் பகுதி மறுமேம்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மொத்தம் 39.4 கோடி டாலர். எந்தப் பகுதி நலிந்தது என்பதை வேலையின்மையும் வருமானமும் முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் சிக்கல் முளைத்தது. வாக்கெடுப்பில் ஆதரவு வேண்டுமானால் பல உறுப்பினர்களின் தொகுதிக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். விரைவிலேயே நாட்டின் மாவட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ‘நலிந்த பகுதி’ ஆகிவிட்டது. எல்லார் இலையிலும் ஒரு துளி நெய் விழுந்தது. யார் பசியும் ஆறவில்லை.

1963 ஜூன் 11 இரவு கென்னடி கறுப்பின மக்களின் உரிமைகள் குறித்துத் தொலைக்காட்சியில் பேசினார். மறுநாள் இந்தத் திட்டத்துக்குக் கூடுதல் நிதி கேட்ட மசோதா பிரதிநிதிகள் சபையில் 209க்கு 204 என்ற கணக்கில் தோற்றது. ஏழை வெள்ளையர் நிறைந்த தெற்கு மாநிலங்களின் உறுப்பினர்களே பலர் எதிர்த்து வாக்களித்திருந்தனர். அதிபர் மீதிருந்த கோபம் அவர்களது சொந்த ஊர்களின் மீது விழுந்தது.

1965ஆம் ஆண்டின் சட்டம்

லிண்டன் ஜான்சன் ஆட்சியில் 1965 ஆகஸ்ட் 26 அன்று பொதுப்பணி மற்றும் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய அமைப்பு மறைந்து புதியது பிறந்தது. குடிநீர்க் குழாய், கழிவுநீர் நிலையம், சாலை, தொழிற்பேட்டை போன்றவற்றுக்குச் செலவில் பாதி மானியம். மிக மோசமான நிலையில் உள்ள இடங்களுக்கு 80 சதவீதம் வரை. மீதியை ஊர் போட வேண்டும். உள்ளூர்க் குழு ஒன்று கூடி மேம்பாட்டுத் திட்ட ஆவணம் தயாரித்த பிறகே விண்ணப்பம் ஏற்கப்படும்.

முதல் தலைவர் யூஜின் ஃபோலி, மிகவும் நலிந்த இடத்துக்கே முதலில் உதவி என்ற கொள்கையை வகுத்தார். கேட்க நியாயமானது. ஆனால் மிகவும் நலிந்த ஊரில் விண்ணப்பம் எழுத ஆள் இருக்காது, தன் பங்கைப் போடப் பணம் இருக்காது, குழாய் போட்டாலும் தண்ணீர் வாங்கத் தொழிற்சாலை இருக்காது.

ஏன் ஓக்லாந்து

இந்த நிர்வாகம் பெரும்பாலும் சிற்றூர்களையும் கிராமப்புறங்களையும் மனத்தில் வைத்து உருவானது. ஓக்லாந்து பெருநகரம், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரை. போர்க் காலத்தில் அந்தக் கரையின் கப்பல் கட்டும் தளங்களில் வேலைக்காக லூசியானா, டெக்சஸ் மாநிலங்களில் இருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1940இல் நகரில் சுமார் 8,500 பேராக இருந்தவர்கள் 1960இல் 83,000க்கு மேல் ஆனார்கள். போர் முடிந்ததும் தளங்கள் மூடப்பட்டன. பிறகு தொழிற்சாலைகளும் புறநகருக்குப் போயின. ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலை 1963இல் ஃப்ரீமான்ட்டுக்கு இடம் மாறியது. நகரில் வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டியது. வந்த இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். வந்ததற்கான வேலை இல்லை.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் ஆறு நாள் கலவரம் நடந்து 34 பேர் இறந்தனர். அடுத்தது ஓக்லாந்து என்ற பேச்சு வாஷிங்டனில் பரவியது. புதிய அமைப்பின் பணம் விரைவாக வேலைகளாக மாறினால் இன்னொரு வாட்ஸைத் தடுக்கலாம் என்று ஃபோலி நினைத்தார். நியூயார்க் டைம்ஸ் நிர்வாகத்தில் முன்பு இருந்த அமோரி பிராட்ஃபோர்ட் ஓக்லாந்துக்குப் பொறுப்பாளர் ஆனார்.

1966 ஏப்ரலில் அறிவிப்பு வெளியானது. பொதுப்பணிகளுக்கு 2 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல். விமான நிலையத்தில் வேர்ல்டு ஏர்வேஸ் நிறுவனம் வாடகைக்கு எடுக்கும் பராமரிப்புக் கொட்டகைக்கு 1 கோடியே 6 லட்சம், துறைமுகத்தின் ஏழாம் தெரு முனையத்துக்கு 1 கோடிக்கு மேல், ஒரு தொழிற்பேட்டை, விளையாட்டரங்கப் பகுதிக்கு ஓர் அணுகுசாலை. மொத்தம் 3,000 வேலைகள் வரை கிடைக்கும் என்ற நம்பிக்கை. வசதிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் வேலையற்ற ஏழைகளை எப்படிச் சேர்க்கப்போகின்றன என்று எழுதித் தந்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான நிபந்தனை.

தேர் நகராத கதை

ஊரே கூடி வடம் பிடித்தது. ஆனால் ஒவ்வொருவர் அவசரமும் வேறு. துறைமுகத்துக்குக் கட்டடம் வேண்டும். விமான நிறுவனத்துக்கு நல்ல கொட்டகை வேண்டும். வாஷிங்டனுக்கு வேலைகள் உடனே வேண்டும். கொட்டகையின் வடிவமைப்பு மாறியது, செலவு ஏறியது, ஏறிய செலவை யார் தருவது என்ற இழுபறி தொடங்கியது. விமானம் பழுதுபார்க்க ஆட்களைப் பழக்கும் பயிற்சிக்குப் பணம் தர வேண்டியவை வேறு துறைகள். அவற்றின் ஒப்புதல் தனி. இதற்கிடையே ஃபோலியும் பிராட்ஃபோர்டும் சில மாதங்களிலேயே விலகிவிட்டனர். பின்னால் வந்தவர்களுக்கு ஓக்லாந்து பல கோப்புகளில் ஒன்று.

அதே 1966 அக்டோபரில், அதே நகரில், ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். அப்போது சீல் அரசின் வறுமை ஒழிப்பு நிதியில் நடந்த மையம் ஒன்றில் ஊழியர். கட்சியின் பத்து அம்சத் திட்டம் உருவானதும் அங்கேதான். அதன் இரண்டாவது அம்சம், தம் மக்கள் எல்லாருக்கும் வேலை வேண்டும் என்பது.

1969இல் கணக்குப் பார்த்தபோது செலவாகியிருந்தது சுமார் 30 லட்சம் டாலர். அதுவும் பெரும்பாலும் விளையாட்டரங்கத்துக்குப் போகும் மேம்பாலத்துக்கும் கட்டடக் கலைஞர்களின் கட்டணத்துக்கும் போனது. கொட்டகை எழுந்தது எழுபதுகளில்தான்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பிரெஸ்மன், ஆரன் வில்டாவ்ஸ்கி இருவரும் 1973இல் இதை நூலாக எழுதினார்கள். நடைமுறைப்படுத்தல் என்ற ஒற்றைச் சொல்தான் நூலின் தலைப்பு. திட்டம் நிறைவேற 70 ஒப்புதல்கள் தேவைப்பட்டன என்று அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். ஒவ்வோர் ஒப்புதலும் கிடைக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு என்று தாராளமாக வைத்தாலும், 70 முறை பெருக்கினால் நூற்றுக்கு மூன்றுகூட மிஞ்சாது. 99 என்று வைத்தாலும் பாதிக்குச் சற்றுக் குறைவுதான். இந்தக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஓர் அலுவலகம் மறுத்தால் திட்டம் செத்துவிடாது, மறுபடி கேட்கலாம். மறுபடி கேட்பதற்குள் ஆறு மாதம் போகும் என்பதுதான் உண்மையான இழப்பு.

நூலின் வலுவான வாதம் வேறொன்று. வேலை தருவது நோக்கம் என்றால், முதலாளிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்காகக் காத்திருப்பது ஏன்? சேர்த்த ஆளுக்கு ஏற்ப ஊதியத்தில் ஒரு பங்கைத் தந்திருக்கலாம். கட்டடம் எழுந்தபின் நிறுவனத்தை வற்புறுத்த அரசின் கையில் எதுவும் இருக்கவில்லை. துறைமுக முனையத்தில் இது இன்னும் கசப்பானது. அது கன்டெய்னர் காலம். பாரந்தூக்கி வந்தபின் நூறு பேர் இறக்கிய சரக்கை இறக்க அத்தனை கைகள் தேவைப்படவில்லை. துறைமுகம் வளர்ந்தது, நாட்டின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்றானது. ஊரின் வேலைத் தேவைக்கும் அந்த வளர்ச்சிக்கும் இருந்த தொடர்பு மெல்லியது.

பின்னர்

அமைப்பை மூடிவிட நிக்சன் முயன்றார். ரீகன் ஆண்டுதோறும் அதன் நிதியைப் பூச்சியமாக்கக் கேட்டார். நாடாளுமன்றம் விடவில்லை. அதற்குள் மக்கள்தொகையில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடங்கள் உதவி பெறத் தகுதியானவையாக ஆகியிருந்தன. டக்ளஸின் சட்டத்தைக் கெடுத்த அதே அகலம்தான் இந்த அமைப்பைக் காப்பாற்றியது.

1998இல் விதிகள் திருத்தப்பட்டன. கடந்த 24 மாதங்களின் வேலையின்மை தேசிய சராசரியைவிடக் குறைந்தது 1 சதவீதப் புள்ளி அதிகமாக இருக்க வேண்டும், அல்லது தனிநபர் வருமானம் சராசரியில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். திடீரென ஆலை மூடல், வெள்ளம் போன்ற சிறப்புத் தேவையும் கணக்கில் வரும். பாதிச் செலவை ஊர் ஏற்பது நெடுங்காலம் பொது விதியாக இருந்தது. நலிவு மிகுந்தால் அந்தப் பங்கு குறையும். பூர்வகுடி இனங்களின் அரசுகளுக்கு முழுச் செலவையும் மானியமாகத் தரலாம்.