தங்கப் பனை வென்ற படத்தின் ஹீரோ: யார் இந்த ஷோபாசக்தி?

2015 மே 24, பிரான்ஸின் கான் திரைப்பட விழா. கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு, விழாவின் உச்ச விருதான தங்கப் பனையை 'தீபன்' படத்துக்கு அறிவித்தது. இயக்குநர் ஜாக் ஆடியார் பிரெஞ்சுக்காரர். ஆனா படத்துல பெரும்பாலான வசனம் தமிழ்! தீபனாக நடித்தவர் தொழில்முறை நடிகரே இல்லை. அவர்தான் எழுத்தாளர் ஷோபாசக்தி.

எங்கே பிறந்தார்?

இயற்பெயர் அந்தோனிதாசன் யேசுதாசன். 1967-ல் யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார். சில வருடங்களில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு விலகினார். ஆனாலும் இலங்கைச் சிறையிலிருந்து தப்ப முடியவில்லை. பிறகு நாட்டை விட்டு வெளியேறி, தாய்லாந்தில் சில காலம் இருந்துவிட்டு, 1993-ல் போலி பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு அகதித் தஞ்சம் கிடைத்தது.

பாரிஸில் என்ன செய்தார்?

புலம்பெயர்ந்த பலரும் பார்த்த அதே வேலைகள்தான். ஹோட்டலில் பாத்திரம் கழுவினார், சூப்பர் மார்க்கெட்டில் பொருட்களை அடுக்கினார். அதுக்கு நடுவுலதான் எழுத்து. 2001-ல் வந்த முதல் நாவல் 'கொரில்லா', ஒரு அகதியின் தஞ்ச விண்ணப்பக் கடிதத்தோடு தொடங்கும். 2004-ல் 'ம்', 2015-ல் 'பாக்ஸ் கதைப் புத்தகம்', 2019-ல் 'இச்சா' என நாவல்கள் தொடர்ந்தன. இலங்கை அரசின் வன்முறையை எழுதிய அதே கையால் இயக்கத்தின் வன்முறையையும் எழுதினார். அதனால், தமிழர் தரப்பிலேயே அவருக்குக் கடுமையான எதிர்ப்பும் உண்டு.

சினிமாவுக்கு வந்தது எப்படி?

லீனா மணிமேகலை இயக்கிய 'செங்கடல்' படத்தின் திரைக்கதையில் பங்கேற்று, அதில் நடிக்கவும் செய்தார். தனுஷ்கோடி மீனவர்களையும் ஈழ அகதிகளையும் பற்றிய படம் அது. தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்ததால், மேல்முறையீட்டுக்குப் போய்த்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது 'தீபன்'. போர் முடியும் நேரத்தில் ஒரு முன்னாள் போராளி, முன்பின் தெரியாத ஒரு பெண், தாயில்லாத ஒரு சிறுமி. இந்த மூன்று பேரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளில், கணவன், மனைவி, மகள் என்று சொல்லி பிரான்ஸ் போகிறார்கள். பாரிஸ் புறநகரில் ஒரு குடியிருப்பின் காவலாளி வேலை கிடைக்கிறது. அங்கேயோ போதைக் கும்பல்களின் துப்பாக்கிச் சத்தம்! ஜோடியாக நடித்தவர் சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன்.

கதையில் ஏறக்குறைய பாதி தன் வாழ்க்கைதான் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் ஷோபாசக்தி. இந்த வேடம் அவருக்கு, பிரான்ஸின் உயரிய திரை விருதான சீசரில், 2016-ம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. 2017-ல் கனடாவில் லெனின் எம். சிவம் இயக்கிய 'ரூபா' படத்தில், ஒரு திருநங்கையைக் காதலிக்கும் குடும்பஸ்தராக நடித்தார்.

தீபனும் இவரும் ஒன்றா?

பாதிதான். போலி அடையாளம், மொழி தெரியாத ஊர், கிடைத்த வேலை, இதெல்லாம் இருவருக்கும் பொது. ஆனா ஒரு இடத்துல ரெண்டு பேரும் பிரியுறாங்க. போரை விட்டு ஓடிவந்த தீபனை, திரைக்கதை கடைசியில் மறுபடியும் ஆயுதத்திடமே கொண்டுபோய் நிறுத்துகிறது. முன்னாள் போராளி என்றால் வன்முறைக்குத்தான் திரும்புவாரா என்று அந்த முடிவை விமர்சித்தவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கான பதில் தீபனாக நடித்தவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. நிஜத்தில் இயக்கத்தை விட்டு வந்தவர், பிறகு கையில் எடுத்தது பேனாவைத்தான்.