தொடரும் தொடர்தலும்: நாய் மனிதனோடு நடக்கக் கற்ற வரலாறு

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லையோர ஊர்களில் நாயைக் கட்டும் சங்கிலியைத் 'துடல்' என்பார்கள். இதை முழுக்க மலையாளச் சொல் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இதன் உறவுச்சொல் சங்கத் தமிழிலேயே இருக்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக அடிக்குறிப்பு கூறும் புறநானூற்று 74ஆம் பாடலில், அவ்வரசன் தன் நிலையைச் சங்கிலியில் பிணிக்கப்பட்ட நாயின் நிலையோடு ஒப்பிட்டு நாணுகிறான். அங்கே நாய்க்கு வரும் சொல் 'ஞமலி'. சங்கிலிக்கு வரும் சொல் 'தொடர்'. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நாய்ச்சங்கிலிக்கான அந்தப் பழஞ்சொல் மட்டும் எல்லைக்கு இருபுறமும் புரியும் சொல்லாகவே நீடிக்கிறது.

தமிழில் 'தொடர்' பெயராக நின்றால் சங்கிலி. வினையாக நின்றால் உடன் செல்லுதல். கீழ்ப்படிதல் போட்டிகளில் 'ஹீல்' எனப்படும் பயிற்சியின் நூற்றாண்டு வரலாறு இந்தப் பெயரிலிருந்து வினையை நோக்கி நகர்ந்த வரலாறு. அது வெறும் பொழுதுபோக்கின் வரலாறன்று என்பதையும், நம் நாட்டு வேட்டைநாய்களைப் பற்றிய ஒரு பழிச்சொல்லை ஆராய அது உதவும் என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். 'ஹீல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குதிகால் என்று பொருள். வேட்டைக்குச் செல்பவரின் குதிகாலை ஒட்டிப் பின்னால் வரும் நாயைக் குறித்த ஏவல் அது. இன்றைய போட்டிகளில் நாய் நிற்கவேண்டிய இடம் பின்புறமன்று. நடத்துபவரின் இடக்காலுக்குப் பக்கத்தில், அதன் தோள் அவர் காலுக்கு நேராக அமைய வேண்டும். வலக்கை ஆயுதத்துக்கோ வேறு பணிக்கோ விடப்பட்டிருந்ததால் இடப்பக்கம் வழக்கானது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இந்நடையை 'உடன்நடை' என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

உடன்நடைக்குப் போட்டிகளில் உள்ள இடம் பெரிது. அமெரிக்க கென்னல் கிளப் விதிகளின் தொடக்கநிலைப் பிரிவில் மொத்தம் 200 மதிப்பெண். வாருடன் நடத்தலுக்கும் எட்டு வடிவ நடைக்கும் சேர்த்து 40. வாரின்றி நடத்தலுக்கு மேலும் 40. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 170 பெற வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேலும் பெற வேண்டும். வார் இறுகினாலே மதிப்பெண் குறையும். அதாவது, சங்கிலி கையில் இருக்கும்போதும் அது இல்லாததுபோல் நாய் நடக்க வேண்டும் என்பதே விதியின் உட்பொருள்.

நம் பண்டைச் சான்றுகள் நாயிடம் போற்றியது இதை அன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். அவனுடைய நாய் 'கோவிவன்' இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் வீரனோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டுள்ளன. கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு 949-50ஆம் ஆண்டினது. தக்கோலப் போரை ஒட்டி எழுந்த அக்கல், மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற 'காளி' என்னும் நாய், காட்டுப்பன்றியோடு பொருது தானும் மடிந்ததைப் பதிவு செய்கிறது. அந்த நாய்க்காகக் கல் நட்டு, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

இவ்விரு கற்களிலும் நாயின் பெருமை தனித்துச் செயல்பட்டதில் இருக்கிறது.  சிப்பிப்பாறை, கன்னி முதலிய தென்தமிழக நாய்களும் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வகையின. முயல் எழுந்த கணத்தில் மனிதனை விட்டுப் பாய்வதே அவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்யப்பட்ட பண்பு. அத்தகைய நாய் இடக்காலை விட்டு விலகும்போது 'நாட்டு நாய் பழகாது' என்று தீர்ப்புக் கூறுவது, உழவு மாட்டைப் பந்தயத்தில் ஓடவிட்டுக் குறை சொல்வது போன்றது.

ஐரோப்பாவில் உடன்நடை வேறு தேவையிலிருந்து பிறந்தது. 1899இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் காவல்துறை நாய்களை முறையாகப் பணியில் ஈடுபடுத்தியது. அதே ஆண்டில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். ஜெர்மானியக் காவல் அதிகாரி கோன்ராட் மோஸ்ட் 1910இல் நாய்ப் பயிற்சி நூலை வெளியிட்டார். செயலின் விளைவே செயலை உறுதிப்படுத்துகிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனினும் முட்கழுத்துப்பட்டையும் வாரைச் சுண்டி இழுத்தலும் அம்முறையில் முதன்மையான இடம் பெற்றன. இரண்டு உலகப் போர்கள் அம்முறையை உலகெங்கும் பரப்பின. நம் நாட்டிலும் படை, காவல் நிறுவனங்களின் வழியாகவே முறைசார் நாய்ப் பயிற்சி வேரூன்றியது. மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மருத்துவப் படையின் மையமும், 1970 முதல் டேக்கன்பூரில் இயங்கும் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையமும் அதன் தூண்கள். கேரளத்தில் திருச்சூர் ராமவர்மபுரத்துக் காவல் பயிற்சி வளாகம் அப்பணியைச் செய்கிறது. தமிழ் வீட்டிலும் மலையாள வீட்டிலும் நாய்க்கு 'சிட்', 'ஸ்டே', 'ஹீல்' என்றே ஆணையிடப்படுவதற்கு இந்த அணிவகுப்பு மரபும் ஒரு காரணம்.

ஆனால் பொதுமக்களுக்கான கீழ்ப்படிதல் போட்டி அமெரிக்காவில் தோன்றிய காரணம் அணிவகுப்பு அன்று, ஒரு பழிச்சொல். ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மையார் பூடில் நாய்களை வளர்த்தார். அவை அலங்காரத்துக்கு மட்டுமே உதவும், அறிவும் உரமும் அற்றவை என்ற ஏளனம் நிலவியது. அதை மறுக்கவே 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஒரு போட்டியை நடத்தினார். எட்டு நாய்கள் கலந்துகொண்டன. 1936இல் அமெரிக்க கென்னல் கிளப் இப்போட்டிகளை ஏற்றது. 1937இல் வாக்கரும் பயிற்றுநர் பிளான்ச் சாண்டர்ஸும் நாய்களோடு வண்டியில் அந்நாடெங்கும் சுற்றி இதைப் பரப்பினர். ஓர் இனத்தின் மீது சுமத்தப்பட்ட இழிவை நடந்தே மறுக்கும் களமாக அந்தப் போட்டி பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்த திருப்பம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் இணையர், வெகுமதியால் நடத்தையை வடிக்கும் முறையைப் பல்வேறு விலங்குகளிடம் செயல்படுத்தினர். கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூல் அம்முறையை நாய் வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்தது. வாரின் இழுப்பு இருந்த இடத்துக்கு உணவும் விளையாட்டும் வந்தன. ஆயினும் பிரேலண்ட் இணையர் 1961இல் வெளியிட்ட கட்டுரை ஓர் எச்சரிக்கையையும் விட்டுச் சென்றது: காசை உண்டியலில் போடக் கற்பிக்கப்பட்ட ரக்கூன், அதைப் போடாமல் இரையைக் கழுவுவதுபோல் தேய்த்துக்கொண்டே இருந்தது. இனத்தின் பழைய தொழில் பயிற்சிக்குள் ஊடுருவும். சிப்பிப்பாறையின் பாய்ச்சலைக் கீழ்ப்படியாமை என்று சொல்லாமல் அதன் வரலாறு என்று வாசிக்க இது வழிகாட்டுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து போட்டிக்கு ஆயத்தமாவோர் பெறக்கூடிய நடைமுறைப் பாடங்கள் சில உண்டு. வெகுமதியை எங்கே கொடுக்கிறோமோ அங்கேதான் நாய் நிற்க விரும்பும். ஆகவே கால்சட்டையின் இடப்பக்கத் தையலருகே கொடுக்க வேண்டும். வலக்கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முந்திக்கொண்டு குறுக்கே வரும். நாய் வருகிறதா என்று நடத்துபவர் இடப்புறமாகத் திரும்பிப் பார்த்தால் இடத்தோள் பின்வாங்கும். அதைக் கண்டு நாயும் பின்தங்கும். பிழை பெரும்பாலும் மனிதனின் தோளில்தான் தொடங்குகிறது. எட்டு வடிவ நடையில், எட்டடி இடைவெளியில் நிற்கும் இருவரைச் சுற்றும்போது நாய் உள்வட்டத்தில் மெதுவாகவும் வெளிவட்டத்தில் விரைவாகவும் நடக்க வேண்டும். மனிதன் தன் வேகத்தை மாற்றலாகாது. முன்னங்கால்களைக் கவிழ்த்த சட்டியின் மேலோ செங்கல்லின் மேலோ வைத்துப் பின்னங்கால்களால் சுற்றிவரப் பழக்கினால், இடப்பக்கத் திருப்பங்களும் நேராக அமர்தலும் சீராகும். பத்தடி நன்றாக நடந்தால் அத்துடன் நிறுத்துவது, நூறடி சோர்ந்து நடப்பதினும் மேல். துரத்தும் இனமாயின், ஒழுங்காக நடந்ததற்கு வெகுமதியாகவே துரத்தும் விளையாட்டைக் கொடுக்கலாம். அப்போது இனத்தின் பழைய தொழில் நமக்கு எதிராக நில்லாமல் துணையாக நிற்கும். வீட்டு முற்றத்தில் கற்றதை நாய் பள்ளி மைதானத்தில் அறியாததுபோல் நிற்பது இயல்பே. ஆகவே இடத்தை மாற்றி மாற்றிப் பழக்கி, போட்டிக் களத்தில் உணவு கிடையாது என்பதால் வெகுமதியின் இடைவெளியையும் படிப்படியாக நீட்ட வேண்டும். தார்ச்சாலை கொதிக்கும் நண்பகலைத் தவிர்த்து விடியலில் பழக்குவது நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது.

எல்லையோர ஊர்களுக்கு இதில் மேலும் ஓர் அக்கறை உண்டு. 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லுவிளைக் கடற்கரையில் ஒரு மூதாட்டி தெருநாய்களால் கொல்லப்பட்டார். நாய் என்ற சொல்லே அச்சத்தோடு ஒலிக்கும் நிலம் இது. தெருநாய்ச் சிக்கலைக் கருத்தடையும் தடுப்பூசியும் கழிவு மேலாண்மையும்தான் தீர்க்கும், உடன்நடை தீர்க்காது. ஆனால் வளர்ப்புநாயோடு தெருவில் இறங்குபவர் எதிரே வரும் பள்ளிச் சிறுமிக்கு அளிக்கக்கூடிய உறுதிமொழி, தளர்ந்த வாரோடு தன் இடக்காலருகே அமைதியாக வரும் நாய்தான்.

நம் இனங்களால் அது இயலுமா என்ற ஐயத்துக்கு விடை எழுதப்படத் தொடங்கிவிட்டது. 2005இல் இந்திய அஞ்சல்துறை ராஜபாளையம், முதோல் உள்ளிட்ட நான்கு இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது; அது அழகுக்குக் கிடைத்த மதிப்பு. 2024இல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் 'ரியா' என்ற முதோல் நாய், அயல்நாட்டு இன நாய்களை வென்று போட்டியின் சிறந்த நாயாகத் தேர்வானது; இது உழைப்புக்குக் கிடைத்த மதிப்பு. துரத்தும் நாய்களுக்கு ஒழுங்கு வராது என்ற கூற்றை, 1933இன் பூடில்களைப் போலவே, ரியாவும் களத்தில் இறங்கி மறுத்தது.

கோவிவன் தன் தலைவன் இறந்த பிறகும் நகராமல் நின்றது. அங்கே அதை நிறுத்திவைத்தது சங்கிலியாக இருந்திருக்க முடியாது. நடுகல் ஆய்வுகளில் வீரனுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது நாய்க்கும் கிடைக்க வேண்டும். துடல் போன்ற எல்லைப்புறச் சொற்களையும், நாயை அழைக்கவும் நிறுத்தவும் இருமொழி வீடுகள் ஆளும் ஏவல்களையும் தொகுப்பது முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய பணி. பாறசாலைப் பக்கத்து நண்பர்கள் யாரேனும் அதை மேற்கொண்டால், மொழியியலுக்கும் விலங்கு வரலாற்றுக்கும் ஒருங்கே பயன் விளையும்.